கம்பளி வீட்டில் இரண்டு இரவுகள்

பெண் குழந்தை பிறந்த அன்றே வீட்டைப் பற்றிய பேச்சும் பிறந்துவிடும் ஊர் நம்முடையது. காயல்பட்டினம், கீழக்கரை முதலான கடற்கரை ஊர்களின் வழக்கத்தை நம் வாசகர்கள் அறிவார்கள். மணமாகும் பெண்ணுக்குப் பெற்றோர் வீடு கொடுக்க வேண்டும்; மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர வேண்டும். இதை எழுதும் நாமும் இருபத்தேழு ஆண்டுகளாக மாமியார் வீட்டில் குடியிருப்பவர்தாம். இவ்வழக்கம் நல்லதா கெட்டதா என்று மேடைதோறும் பலர் பேசிவிட்டார்கள். அந்த வழக்கை இங்கே நாம் திறக்கப் போவதில்லை. நாம் சொல்ல வந்தது, அடித்தளமே இல்லாத ஒரு வீட்டில் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் நாங்கள் மூவரும் தங்கிய இரண்டு இரவுகளைப் பற்றி.

நமக்கு ஒரே மகள். அவள் பிறந்த மூன்றாம் ஆண்டில், நாம் சவூதி நாட்டில் பணி செய்துகொண்டிருந்த காலத்தில், ஆறு செண்டு மனை ஒன்றை வாங்கிப் போட்டோம். சில ஆண்டுகள் கழித்து வானம் தோண்டி, அடித்தளம் இட்டு, இடுப்பளவு சுவரும் எழுப்பினோம். அதற்குமேல் சுவர் வளரவில்லை, மகள் வளர்ந்தாள். மருத்துவம் படிக்க வேண்டும் என்றாள். கிர்கிஸ்தான் நாட்டுத் தலைநகராகிய பிஷ்கெக்கில் இடம் கிடைத்தது. ஆண்டுதோறும் கட்டணம் கட்டி வந்தோம். ஐந்தாம் ஆண்டு வந்தபோது கையிருப்பு தீர்ந்திருந்தது. 2023-ஆம் ஆண்டு அந்த மனையை இடுப்பளவுச் சுவரோடு விற்றோம்.

மகளிடம் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளையின் மனத்தில் பாரம் ஏற்றுவானேன் என்று எண்ணினோம். மாமியார் அவர்களிடம் மட்டும் சொன்னோம். அன்று அவர்கள் தொழுகைப் பாயை விட்டு வெகுநேரம் எழவில்லை. நம்மை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

2024 மே மாதம் 17-ஆம் நாள் இரவு, பிஷ்கெக் நகரில் வெளிநாட்டு மாணவர்கள் தங்கியிருந்த விடுதிகள் சில தாக்குதலுக்கு ஆளாயின. அச்செய்தியைக் கேட்ட பெற்றோர் எவரும் உறங்கியிருக்க மாட்டார்கள். அல்லாஹ்வின் அருளால் நம் மகள் இருந்த இடத்தில் ஒன்றும் நேரவில்லை. உடன் பயின்றோர் பலர் ஊர் திரும்பினார்கள், அவள் வரவில்லை. "தேர்வு இருக்கிறது வாப்பா, போய்வரப் பணம் வேறு எதற்கு?" என்றாள். பணம் என்ற அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாய் நின்றது. அவள் வராவிட்டால் என்ன, நாமே போய்ப் பார்த்து வருவோம் என்று ஆகஸ்டில் டில்லி வழியாகப் புறப்பட்டோம்.

நகரம் அமைதியாகவே இருந்தது. நான்கு நாள் அங்கே தங்கியபின், "இத்தனை தூரம் வந்துவிட்டுக் கடைத்தெருவை மட்டும் பார்த்துவிட்டா போவது?" என்று மகள், தான் சிறுகச் சிறுகச் சேர்த்திருந்த பணத்தில் எங்களைச் சோங்கோல் ஏரிக்கு அழைத்துச் சென்றாள். பூம் என்னும் மலையிடுக்கின் வழியே சென்று, கொச்கோர் என்ற சிற்றூரில் உணவருந்தி, 3400 மீட்டருக்கும் உயர்ந்ததொரு கணவாயை ஏறி இறங்கினால் அந்த ஏரி. கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம் 3016 மீட்டர். நம் உதகையின் தொட்டபெட்டாச் சிகரமே 2637 மீட்டர்தான் என்றால், சிகரத்துக்கும் மேலே ஒரு கடல் கிடப்பதாக எண்ணிக்கொள்ளலாம். பரப்பு ஏறத்தாழ 270 சதுர கிலோமீட்டர். கரையில் மருந்துக்கும் ஒரு மரம் இல்லை. கண்ணெட்டிய தூரம் புல்வெளி, ஆடுகள், குதிரைகள். இடையிடையே கவிழ்த்துவைத்த கிண்ணங்கள்போல் வெள்ளை வீடுகள்.

உலகம் இவ்வீட்டை யூர்ட் என்கிறது. துருக்கிய இனமொழிகளில் அச்சொல் குடியிருந்த இடத்தையும், நாட்டையும், மக்களையும் குறிப்பது. கிர்கிஸ் மக்களோ வீட்டை ‘போஸ் உய்’ என்கிறார்கள். சாம்பல் நிற வீடு என்பது பொருள். ஜைலோ எனப்படும் கோடைக்கால மேய்ச்சல் வெளிக்கு ஜூன் மாதம் மந்தையோடு ஏறிவந்து, செப்டம்பரில் பனி விழத் தொடங்குமுன் இறங்கிவிடுவது அவர்கள் வாழ்க்கை. சோவியத் ஆட்சி 1930-களில் இம்மக்களைக் கூட்டுப்பண்ணைகளில் நிலையாகக் குடியமர்த்தியது; ஆயினும் பண்ணை மந்தைகளோடு கோடையில் மலையேறிய இடையர்கள் இந்த வீட்டைக் கைவிடவில்லை.

வீட்டின் அமைப்பைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சுவர் என்பது விரித்தால் விரியவும் மடக்கினால் மடங்கவும் கூடிய மரச்சட்டப் பின்னல். அதன் பெயர் கெரெகே. சட்டங்களை ஆணியால் அறைவதில்லை; பதனிடாத தோல்வாரால் முடிந்திருக்கிறார்கள். சுவரின் மேல்விளிம்பிலிருந்து அறுபதுக்கு மேற்பட்ட வளைந்த கழிகள் எழுந்து, உச்சியில் ஒரு மரவளையத்தின் துளைகளில் செருகி நிற்கின்றன. கழிக்கு ஊக் என்றும், வளையத்துக்குத் துண்டுக் என்றும் பெயர். வளையத்தின் குறுக்கே மூன்றும் மூன்றுமாகச் சட்டங்கள். கிர்கிஸ்தானின் கொடியில், செந்நிறத்தின் நடுவே உள்ள சூரியனுக்குள் காண்பது இந்தத் துண்டுக்கைத்தான். எலும்புக்கூடு இவ்வளவே. இதன்மேல், ஆட்டு மயிரை வெந்நீர் தெளித்து உருட்டி மிதித்துச் செய்த கெட்டிக் கம்பளித் தகடுகளைப் போர்த்திக் கயிற்றால் கட்டிவிட்டால் வீடு முடிந்தது. நான்கைந்து பேர் சேர்ந்தால் இரண்டு மணி நேர வேலை. யுனெஸ்கோ நிறுவனம் இந்தக் கைத்திறனை 2014-ஆம் ஆண்டு மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

துண்டுக் திறந்திருந்தால் வெளிச்சமும் வரும், புகையும் போகும். முதல்நாள் பிற்பகல் அதன் வழியே விழுந்த வெயில் வட்டம், தரைவிரிப்பின்மேல் மெல்ல நகர்ந்து, சுவரில் ஏறி மறைந்ததை நாம் பார்த்துக்கொண்டே இருந்தோம். நம் ஊர் வீடுகளின் முற்றத்து வெயிலும் இப்படித்தான் நகரும்.

எங்களை வரவேற்றவர்கள் அறுபதைக் கடந்த ஓர் இடையரும் அவர் மனைவியும். உடன் இளைய மகன், மருமகள், இரு பேரக்குழந்தைகள். இரண்டு வீடுகளில் ஒன்றை எங்களுக்கு ஒதுக்கினார்கள். உணவு அவர்கள் வீட்டில். பெரியவர் "ஸலாம் அலைக்கும்" என்று இரு கைகளையும் நீட்டினார். அதன்பின் எங்களுக்குள் மொழி இல்லை. நோயாளிகளிடம் பேசுவதற்காக நம் மகள் ருஷ்ய மொழி பயின்றிருந்தாள், அவள்தான் பாலம். ஆனால் முதல் குழப்பம் பாலத்தையும் மீறியது. பேரன் பெரியவரை நோக்கி ஓடி "ஆத்தா!" என்றான், மருமகள் மூதாட்டியை "அப்பா" என்பதுபோல் அழைத்தார். விசாரித்தால், அவர்கள் மொழியில் அதா என்றால் தந்தை, அபா என்றால் தாயாம்! நம் துணைவியார் முக்காட்டுக்குள் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அந்தச் சிரிப்புக்குப் பின் மூதாட்டி அவரைத் தம் பக்கத்தை விட்டு நகர விடவில்லை.

வாயிலுக்கு நேர் எதிரே உள்ள இடம் தோர். அது விருந்தினர்க்குரிய மேலிடம். அதன் பின்னே மெத்தைகளும் போர்வைகளும் மடித்து அடுக்கியிருக்கும். நுழையும்போது வலப்புறம் பெண்கள் பகுதி, அடுப்புச் சாமான்கள்; இடப்புறம் ஆண்கள் பகுதி, சேணமும் சவுக்கும். இடையே தடுப்பு ஏதும் இல்லை. ஆனாலும் எவருக்கும் எல்லை தெரிந்திருக்கிறது. தஸ்தர்கான் விரித்து ரொட்டி, பாலேடு, எண்ணெயில் பொரித்த போர்சோக், குருத் எனப்படும் காய்ந்த தயிர் உருண்டை எல்லாம் பரப்பினார்கள். தேநீரைக் கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகவே ஊற்றுகிறார்கள். கருமித்தனம் என்று எண்ணிவிட வேண்டாம். நிரம்ப ஊற்றிக் கொடுத்தால் ‘குடித்துவிட்டுப் புறப்படு’ என்று பொருளாகிவிடுமாம். புளித்த குதிரைப்பாலாகிய கிமிஸும் வந்தது. அதில் சிறிதளவு போதைப்பொருள் உண்டு என்பதால் நாம் கிண்ணத்தைத் தேநீர்ப்பக்கம் நகர்த்தினோம். பெரியவர் சிரித்துக்கொண்டு தாமே குடித்தார். குதிரை இறைச்சியை வெறுக்கத்தக்கது என்றவர் இமாம் அபூஹனீஃபா. ஆகும் என்றவர் இமாம் ஷாஃபிஈ. அம்மக்களோ ஹனஃபிகள், குதிரையை விரும்பி உண்கிறார்கள். ஷாஃபிஈகளாகிய நாங்கள் அதைக் கண்டதும் பின்வாங்கினோம்! உணவு முடிந்ததும் அனைவரும் உள்ளங்கைகளை ஏந்தி முகத்தில் தடவி ஆமீன் சொன்னது மட்டும் நம் வீட்டில் இருப்பதுபோன்றே இருந்தது.

முதல் இரவைக் குளிர் விழுங்கிவிட்டது. மரமில்லாத இடமாதலால் தகர அடுப்பில் எரிப்பது காய்ந்த சாணம். அது சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் அணையும். உயரத்தினால் மூச்சு முட்டியதும் தலை கனத்ததும் சேர்ந்து, விடியும் வரை நாம் கம்பளிகளின் எடையை எண்ணிக்கொண்டு கிடந்தோம்.

இரண்டாம் நாள் மாலைதான் அது நேர்ந்தது.

மூதாட்டி ஷிர்தாக் தைத்துக்கொண்டிருந்தார். இருவேறு நிறக் கம்பளித் தகடுகளை ஒரே வடிவில் வெட்டி, ஒன்றன் வெட்டில் மற்றதைப் பொருத்தித் தைக்கும் விரிப்பு அது. ஒன்றை முடிக்க மாதக்கணக்கில் ஆகும். நம் துணைவியாரும் ஊசி வாங்கி ஓரம் தைத்தார். "யாருக்கு?" என்று கேட்கச் சொன்னார். நாரின் நகரில் படிக்கும் தம் கடைசி மகளுக்கு என்றார் மூதாட்டி. மணமாகிப் போகும் பெண்ணோடு இவற்றை அனுப்புவது வழக்கம். வீடு இளைய மகனுக்கு. மேலே கைகாட்டினார்: கம்பளி சில ஆண்டுகளில் நைந்துபோகும், கழிகள் முறியும், அவற்றை மாற்றிவிடலாம், அந்தத் துண்டுக் மட்டும் கணவருடைய தந்தையின் வீட்டிலிருந்து வந்தது, மகனுக்கும் அதுவே போகும். புகையேறிக் கருத்து, எண்ணெய் பூசியதுபோல் அது பளபளத்தது.

"எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான்" என்றார் நம் துணைவியார், சற்றுப் பெருமையோடு. மகள் அதை மொழிபெயர்த்தாள். மூதாட்டி வியந்து மகளின் முதுகைத் தட்டி ஏதோ கேட்டார். மகள் சிரித்தபடியே எங்களிடம் சொன்னாள்: "‘அப்படியானால் இவளுடைய வீடு முடிந்துவிட்டதா?’ என்று கேட்கிறார்கள். சுவர் எழும்பி நிற்கிறது, நான் படித்து முடித்ததும் கட்டிவிடுவோம் என்று சொல்லிவிடட்டுமா உம்மா?"

நாம் ஆமென்று தலையசைத்தோம். ஒப்புக்கொள்கிறோம், அசைத்தோம். ஆனால் நம் துணைவியார் ஊசியை விரிப்பில் குத்திவைத்துவிட்டார். "பொய் சொல்லாதே மா. அந்த மனையை விற்றுத்தான் உனக்குப் பணம் கட்டினோம். அதை இவர்களிடம் சொல்" என்றார்.

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மூதாட்டி விடைக்குக் காத்திருந்தார். பிறகு அவள் திரும்பி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, அதை ருஷ்ய மொழியில் சொன்னாள். தனக்கு அப்போதுதான் தெரிந்த செய்தியைத் தானே பிறர்க்குச் சொல்ல நேர்ந்தது. மூதாட்டி பெரியவருக்குக் கிர்கிஸ் மொழியில் சொன்னார். ஒரு செய்தி மூன்று மொழிகளில் அந்த வட்டத்தைச் சுற்றி வந்தது. பெரியவர் தேநீர்க் கிண்ணத்தை மகள் பக்கம் நகர்த்தினார். அதற்குப்பின் அவர்கள் எதுவும் கேட்கவில்லை.

நம் ஊர் வீட்டில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் அறிவோம். துணைவியார் அடுக்களைக்குள் போயிருப்பார். மகள் மாடியறைக் கதவைச் சாத்தியிருப்பாள். நாம் இஷாவுக்கு முன்னதாகவே பள்ளிக்குப் புறப்பட்டிருப்போம். காலையில் மூவரும் இட்லியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். இங்கே எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அதுவும் மூலையில்லாத அறை. வெளியே காற்று உறுமிற்று. அடுப்பு ஒன்று. அதைச் சுற்றித்தான் மூவரும் படுக்க வேண்டும்.

வெகுநேரம் கழித்து இருளில் மகளின் குரல் வந்தது. "எப்போது வாப்பா?"

"போன வருஷம்."

"உம்மம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உம்மம்மாவிடம் அந்த வீட்டைப் பற்றித்தானே போனில் பேசினேன். கொல்லைப்பக்கம் ஜன்னல் வைக்க வேண்டும் என்றேன். ‘சரி மா, வைப்போம்’ என்றார்கள். ஒரு வருஷமாகச் சரி சரி என்றார்கள்."

நாம் பேசவில்லை. நன்றி சொல்லுவாள், அழுவாள் என்றெல்லாம் நம் மனத்தின் ஒரு மூலை எதிர்பார்த்திருந்ததை இப்போது வெட்கத்தோடு நினைக்கிறோம். அவளுக்கு வந்தது கோபம். "கேட்டிருந்தால் நானே விற்கச் சொல்லியிருப்பேன். கேட்காமல் விற்றுவிட்டு எனக்காக என்கிறீர்கள். படித்து முடித்து ஊருக்கு வந்தால் அங்கே இன்னொரு தகுதித் தேர்வு இருக்கிறது. அதில் எத்தனை பேர் தவறுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நான் தவறினால்?"

"அதற்காகத்தான் மா சொல்லவில்லை" என்றார் துணைவியார்.

"இப்போது சொல்லிவிட்டீர்களே உம்மா."

இதற்கு எங்கள் இருவரிடமும் விடை இல்லை. அடுப்பு அணைந்துகொண்டு வந்தது. மகள் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து, வாளியிலிருந்த சாணக் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு ஊதினாள். மீண்டும் தீ பிடித்ததும், தாயின் கால்மாட்டில் இருந்த கம்பளியை இழுத்துச் சரிசெய்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். அந்த இரவில் மேலும் இரண்டு முறை அவள் எழுந்து அடுப்பைப் பார்த்தாள். நாம் உறங்கவில்லை, உறங்குவதுபோல் கிடக்கவும் அங்கே வழியில்லை. ஒருவர் புரண்டால் மற்றவர்க்குத் தெரியும்.

விடியுமுன் வெளியே வந்தோம். வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடித் தகடுபோல் பனிக்கட்டி. பெரியவர் முன்னமே எழுந்திருந்தார். முழங்காலளவு மெல்லிய தோலுறைகளும் அவற்றின்மேல் ரப்பர்ச் செருப்பும் அணிந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தோலின்மேல் ஈரக்கையால் மஸ்ஹு செய்து ஒளூவை முடித்துக்கொண்டு, கால் கழுவ நடுங்கிய நம்மை இரக்கத்தோடு பார்த்தார். கிதாபில் ஓதியிருக்கிறோமே தவிர, அந்தச் சலுகையின் அருமை அன்றுதான் நமக்கு விளங்கிற்று. ஊரில் நாம் மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்து கிப்லாவை நோக்குவோம். அங்கே அவர் மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே சாய்ந்து நின்றார். நாம் பின்னே நின்றோம். குனூத் இல்லாத ஸுப்ஹு. தொழுது முடித்தபின் அவர் எங்கள் வீட்டைச் சுட்டிக்காட்டி, விரல்களை மடக்கி ஏதோ கேட்டார். மகள் எழுந்துவிட்டாளா என்பதாகத்தான் இருக்க வேண்டும். நம் கண்கள் நனைந்திருந்ததற்குக் குளிர் ஒரு நல்ல சாக்காயிற்று.

அன்று ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை. பள்ளி திறக்கும் நாள் நெருங்கிவிட்டதால் பக்கத்துக் குடும்பம் குழந்தைகளோடு இறங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டைப் பிரிக்க நம் பெரியவரும் மகனும் போனார்கள். மகளும் போனாள். கயிறுகளை அவிழ்த்துக் கம்பளிகளை உருட்டினார்கள். வானத்தின் கீழே எலும்புக்கூடு மட்டும் நின்றது. ஒருவர் நீண்ட கவைக்கழியால் துண்டுக்கைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர்கள் ஊக்குகளை ஒவ்வொன்றாக உருவினார்கள். மகள் தன் பங்குக்கு உருவிக்கொண்டுவந்து அடுக்கினாள். கடைசியில் துண்டுக் இறங்கிற்று. அதை மட்டும் தரையில் போடாமல், கம்பளியில் சுற்றி, லாரியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்கள். முன்பு ஒட்டகமும் எருதும் சுமந்ததை இன்று லாரி சுமக்கிறது. ஒரு மணி நேரமும் ஆகவில்லை. வீடு நின்ற இடத்தில் வட்டமாக வெளுத்த புல் மட்டும் கிடந்தது. குழந்தைகள் அதனுள் ஓடி விளையாடினார்கள்.

நாங்கள் விடைபெற்றபோது மூதாட்டி, துணைவியார் ஓரம் தைத்த விரிப்பைக் காட்டி, அந்தத் தையலைப் பிரிக்கமாட்டேன் என்றார். மகள் அதைத் தமிழில் சொன்னாள். முந்திய மாலைக்குப் பின் அவள் எங்களுக்காக மொழிபெயர்த்த முதல் வாக்கியம் அது.

வழியெல்லாம் பேச்சில்லை. ஜும்ஆவுக்குக் கொச்கோர் சேர்ந்துவிடலாம் என்று ஓட்டுநர் விரைந்தார். மறுநாள் சுதந்திர நாளாதலால் ஊரில் கொடிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். மலையில் உயிரற்றுக் கிடந்த கைபேசி அங்கே விழித்துக்கொண்டது. மகள் பின்னிருக்கையிலிருந்து ஊருக்குப் பேசினாள்.

"உம்மம்மா, நான்தான். மலையிலிருந்து வருகிறோம்... ஆமாம், குளிர்தான்... உம்மம்மா, அந்தக் கொல்லைப்பக்கத்து ஜன்னல் வேண்டாம்."

மறுமுனையில் சற்று நேரம் ஓசையே இல்லை. ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எங்களுக்கும் அந்த மௌனம் கேட்டது. பிறகு மாமியார் அவர்களின் குரல் வந்தது.

"சரி மா... சாப்பிட்டாயா?"